வெல்லம் அடைத்த நாலு கண்ணிவெடி

மனோரமா கட்டிய கருவிக்குத் திட்ட அறிக்கையில் மூன்று வரி நீளத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அதை ஒரே மூச்சில் யாரும் சொல்லி முடித்ததில்லை. சுரேஷ்பாபு வைத்த பெயர்தான் நிலைத்தது: கண்டக்டரம்மா. டிக்கெட் எடுக்காமல் கடைசி சீட்டில் பதுங்குகிறவனைத் தேடிப் பிடித்து விசில் ஊதும் பெண் கண்டக்டர் மாதிரி, மண்ணுக்குள் பதுங்கியிருக்கும் கண்ணிவெடியைப் பிடித்து இதுவும் விசில் ஊதும்.

ஊத வேண்டும். அதுதான் திட்டம்.

பார்ப்பதற்கு அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஒரு நீளக் கம்பு, அதன் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு செம்புச் சுருளும் ஒரு சின்ன ரேடாரும் இருந்தன. மண்ணில் உலோகம் இருந்தால் சுருளுக்குத் தெரியும். குட்டி விசில் வரும். மண்ணுக்குள் மண் அல்லாத கட்டி ஏதாவது இருந்தால் ரேடாருக்குத் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் ஆமாம் என்று சொன்னால் நீள விசில். நீள விசில் வந்தால் கண்ணிவெடி. கொடி நட வேண்டும். வெறும் ஆணியும் சோடா மூடியும் குட்டி விசிலோடு தப்பித்துக்கொள்ளும்.

இந்தக் குட்டிக்கும் நீளத்துக்கும் நடுவில்தான் நாலு வருஷ ஆராய்ச்சி கிடந்தது. சண்டை ஓய்ந்த ஊர்களில் மண்ணெல்லாம் இரும்புத் துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தால் ஒரு வயலை அதன் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுக்க ஒரு வருஷம் ஆகும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், ஜூன் மாதம். திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகும் வழியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் பின்பக்கத்தில் இரண்டு அறைகள், அவைதான் லேப். அங்கே மூன்று பேர். பேராசிரியர் வேதாச்சலம், லேபின் தலைவர். சுரேஷ்பாபு, நகரி விசைத்தறிக் குடும்பத்துப் பிள்ளை. ஆகஸ்டில் அமெரிக்கா போகப்போகிறான் என்பதைத் தண்ணீர் குடிக்கும்போதுகூட ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் குடிப்பான். மூன்றாவது மனோரமா, உதவியாளர். கார்வேட்டிநகரத்துக்காரி, இருபத்துமூன்று வயது. பகலில் லேப், மாலையில் டிப்ளமா வகுப்பு. எதையும் மூன்று தடவை அளப்பாள். மூன்றும் ஒன்றாக வந்தால், அளக்கிற கருவி பழுதோ என்று சந்தேகப்படுவாள்.

அந்த இரண்டு அறைகளின் மேல் கல்லூரி நிர்வாகத்துக்கு வெகுநாளாகவே ஒரு கண். முந்தின வாரம் மேலாளர் நாகபூஷணம் அளவு நாடாவோடு வந்து சுவரிலிருந்து சுவர் வரை அளந்துவிட்டுப் போனார். ஜாவா வகுப்புக்கு நாற்பது கம்ப்யூட்டர் போட இடம் வேண்டுமாம்.

"கண்ணிவெடி எடுக்கறதுக்கு எந்த ஊர்ல வேல குடுப்பாங்கோ?" என்று சுரேஷ்பாபு கேட்டான். "ஜாவா கத்துக்கோ மனோ. நியூஜெர்சி வா."

"வன்னியில குடுப்பாங்கோ," என்றாள் மனோரமா.

அது விளையாட்டுப் பேச்சில்லை. இலங்கையின் வன்னியில் சண்டை நின்றிருந்த நேரம் அது. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று, கண்ணிவெடி அகற்றக் கருவி தேடிக்கொண்டிருந்தது. கண்டக்டரம்மாவைச் சோதித்துப் பார்க்க ஒருவரை அனுப்புவதாக எழுதியிருந்தது. இருபது போலிக் கண்ணிவெடிகளைப் புதைக்க வேண்டும். இருபதையும் கண்டுபிடிக்க வேண்டும். தவறான இடத்தில் கொடி நட்டால் ஐந்து வரை மன்னிப்பு உண்டு. ஒன்றைத் தவறவிட்டால் மன்னிப்பு கிடையாது. தேறினால் இரண்டு வருஷத்துக்கு நிதி, வன்னியில் ஆறு மாதக் களச் சோதனை. தேறாவிட்டால் ஜாவா.

அதனால் போலிக் கண்ணிவெடி செய்யும் வேலையை மனோரமா கல்யாணச் சீர் அடுக்குவதுபோலச் செய்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. வெடிக்குப் பதில் உள்ளே உருக்கி ஊற்றிய மெழுகு. இந்தக் காலத்துக் கண்ணிவெடியில் உலோகம் அவ்வளவுதான் இருக்கும் என்பதால் மூலையில் ஒரு பேனா ஸ்பிரிங். டப்பாவுக்கு எண், நோட்டில் டிக்.

கைக்கு வந்த வரிசையில் பதினாறு டப்பாவை நிரப்பியபோது மெழுகு தீர்ந்தது.

மெழுகு கொடுக்கும் திருச்சானூர் மெழுகுவர்த்திக்காரர் மச்சினிச்சி கல்யாணத்துக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். பேராசிரியர் ஹைதராபாத்தில் கூட்டத்தில் இருந்தார். மண் இறுகப் பத்து நாள் வேண்டும். மறுநாளே புதைத்தாக வேண்டும். மனோரமா லேபில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் ரேடாருக்கு முன்னால் வைத்துப் பார்த்தாள். சோப்பு சரிப்படவில்லை. வேகவைத்த கேழ்வரகுக் களி தண்ணீர் மாதிரி தெரிந்தது. மத்தியானச் சாப்பாட்டோடு கொண்டுவந்திருந்த வெல்லத் துண்டை வைத்தாள். மீட்டரின் முள், மெழுகுக்குக் காட்டிய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் அங்கேயே நின்றது.

சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்கும் தன் அப்பா செங்கல்வராயனுக்கு போன் போட்டாள்.

"நைனா, ரெண்டு கிலோ வெல்லம் ரேணிகுண்டா பஸ்ல குடுத்து உடு."

"பொங்கலுக்கா?"

"கண்ணிவெடிக்கு."

செங்கல்வராயன் மகளுடைய வேலையை ஊரில் நாலு பேருக்கு விளக்கிச் சொல்லும் மனிதர். தெரியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"கண்ணிவெடிக்குன்னா அச்சு வெல்லம் தோதா, உருண்ட தோதா?"

"எதுன்னாலும் சரி நைனா. காஞ்சதா பாத்து குடு."

மிச்சம் இருந்தவை ஏழு, பதினொன்று, பன்னிரண்டு, பதினெட்டு. இந்த நாலு டப்பாவிலும் வெல்லத்தை இடித்து இறுக்கி அடைத்தாள். ஸ்பிரிங் வைத்தாள். டிக் போட்டாள். 'மெழுகுக்குப் பதில் வெல்லம்' என்று நோட்டில் எழுதினாள். பேராசிரியர் திரும்பியதும் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அவர் திரும்பினார், வேறு எதையெதையோ கேட்டார், இதைக் கேட்கவில்லை. பத்து நாளும் சொல்ல வாயெடுத்து, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். வெல்லத்தில் அளக்கக்கூடியதையெல்லாம் அளந்திருந்தாள். வாசனையை மட்டும் அளக்கவில்லை.

சோதனை நிலம் ஏர்பேடு பக்கத்தில், மலையடிவாரத்தில் இருந்தது. பாலையாவின் வேர்க்கடலைக் காடு. மழை வந்தால்தான் விதைப்பு, அதுவரை சும்மா கிடக்கிறது என்று கொடுத்திருந்தார். அதில் இருபது அடி எடுத்து வைக்கும் நீளம், பத்து அடி எடுத்து வைக்கும் அகலத்துக்குக் கயிறு கட்டிக் கட்டம் பிரித்து, டப்பாக்களைப் புதைத்து, வரைபடம் போட்டு உறையில் ஒட்டினாள். பாலையாவுக்கு ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்தாள். ஒன்று, யாரையும் உள்ளே விடக்கூடாது. இரண்டு, மாடு மேயக்கூடாது. மூன்று, மேடு பள்ளம் இல்லாமல் நிலம் மட்டமாக இருக்க வேண்டும். பாலையா அதைப் பேரனை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, மடித்துத் தலைப்பாகையில் செருகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் சோதகர் வந்தார். வெள்ளைக்காரர் வருவார் என்று நாகபூஷணம் ரோஜா மாலையோடு நின்றிருந்தார். இறங்கியவர் மொசாம்பிக் நாட்டுக்காரர். டொமிங்கோஸ் என்று பெயர். நெடுநெடுவென்று உயரம், நரைத்த தாடி. சொந்த ஊரில் பத்து வருஷம் கையால் கண்ணிவெடி எடுத்தவர், இப்போது மற்றவர்களுடைய கருவிகளைச் சோதிக்கிறார். மாலையை வாங்கி மறுபடி நாகபூஷணத்தின் கழுத்திலேயே போட்டுவிட்டு, "நிலம் எங்கே?" என்றார்.

விதி எளிமையானது. புதைத்தவருக்கு இடம் தெரியும், அதனால் அவர் கருவியைத் தொடக்கூடாது, வாயையும் திறக்கக்கூடாது. கருவி சுரேஷ்பாபுவின் கையில். மனோரமா நோட்டோடு வேப்பமரத்தடியில், உதட்டைக் கடித்துக்கொண்டு.

முதல் கட்டத்தில் நீள விசில். கொடி. மூன்றாவது வரிசையில் நீள விசில். கொடி. ஒரு ஆணிக்குக் குட்டி விசில். சுரேஷ்பாபு பெரிய மனது பண்ணி அதை விட்டுவிட்டு நகர்ந்தான். ஆறாவது டப்பா வரைக்கும் மனோரமாவுக்கு உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டியதுபோல இருந்தது. டொமிங்கோஸ் தலையை ஆட்டினார். பேராசிரியர் பத்து வயது குறைந்தவராகத் தெரிந்தார்.

ஏழாவது டப்பாவின் மேல் கண்டக்டரம்மா வாயே திறக்கவில்லை.

சுரேஷ்பாபு அந்தக் கட்டத்தை இடமும் வலமுமாக அழகாகத் துழாவிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டான். மனோரமாவின் தொண்டை வரைக்கும் 'டேய்' வந்தது. துப்பட்டாவைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் கணீரென்று ஊதின. பதினொன்று ஊமை. பன்னிரண்டு ஊமை. பதினெட்டுக்கு வரும்போது அவள் துப்பட்டாவில் பாதி வாய்க்குள் இருந்தது. அதுவும் ஊமை.

டொமிங்கோஸ் உறையைப் பிரித்து வரைபடத்தைக் கொடிகளோடு ஒப்பிட்டார். "பதினாறு. நாலு தவறிவிட்டது," என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. நாகபூஷணம் மாலையைக் கழற்றிவிட்டார்.

நாலும் எந்த நாலு என்பது மனோரமாவுக்கு மட்டும் தெரியும். வெல்லத்தை ரேடார் பார்க்கவில்லை. அப்படியானால் தான் அளந்தது தப்பு. ஆனால் ஸ்பிரிங்குக்குக் குட்டி விசிலாவது வந்திருக்க வேண்டுமே? வரவில்லையே? அப்படியானால் தான் ஸ்பிரிங்கே வைக்கவில்லை. நோட்டைப் பார்த்தாள். நாலு டிக் இருந்தது. டிக்கையே சந்தேகப்பட்டாள். இப்போது சொன்னால் சாக்குச் சொல்வதாக நினைப்பார்கள். தோண்டிய பிறகு சொன்னால் மாட்டிக்கொண்டு சொல்வதாக நினைப்பார்கள். கருவி சரியென்றால் தான் தப்பு, தான் சரியென்றால் கருவி தப்பு. இரண்டில் யார் தோற்றால் பரவாயில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். எழுந்துவிட்டாள்.

"சார், அந்த நாலுலயும் மெழுகு இல்ல. வெல்லம். நான்தான் அடைச்சேன். உங்ககிட்ட சொல்லல. தப்பு என்னோடது, கருவியோடது இல்ல."

"என்ன வெல்லம்?" என்றார் பேராசிரியர், காதில் விழுந்ததை நம்பாமல்.

"சித்தூர் வெல்லம், சார்."

"எந்த ஊர் வெல்லம்னு நான் கேட்கலம்மா!"

டொமிங்கோஸுக்கு ஆங்கிலத்தில் சொல்லப்பட்டது. அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "தோண்டிப் பார்ப்போம்," என்று ஏழாவது கட்டத்தில் முழங்காலிட்டார். மெல்லிய கம்பியை மண்ணில் சாய்வாக விட்டுத் தட்டுப்படுகிறதா என்று பார்த்தார். கரண்டியால் மண்ணை எடுத்தார், தூரிகையால் துடைத்தார். முழங்கை ஆழம் போனார். ஸ்பிரிங் இல்லை, வெல்லம் இல்லை, டப்பாவே இல்லை.

பதினொன்றிலும் இல்லை.

டொமிங்கோஸின் முகம் மாறியது. சட்டென்று கையை உயர்த்தினார். "யாரும் அசையாதீர்கள்!"

பத்து வருஷத்துக் குரல் அது. அந்தக் குரலுக்கு ஏர்பேடே நின்றது. பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிய விரலோடு நின்றார். சுரேஷ்பாபு கருவியைக் குழந்தை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பாலையா கயிற்றைத் தாண்டத் தூக்கிய காலோடு நின்றார். வரைபடத்தில் இருக்கிற கண்ணிவெடி இடத்தில் இல்லையென்றால், அது வேறெங்கோ இருக்கிறது. அடுத்த அடிக்குக் கீழேயும் இருக்கலாம்.

ஒற்றைக் காலில் நின்ற பாலையா மெதுவாகக் கேட்டார், "மேடம், சோப்பு டப்பாதான? கால வெச்சிக்கவா?"

மனோரமா அதை மொழிபெயர்த்தாள். டொமிங்கோஸ் தன் உயர்த்திய கையைத் தானே பார்த்தார். முதலில் அவருடைய தாடி ஆடியது, அப்புறம் தோள், அப்புறம் மொத்த ஆளும். "வைத்துக்கொள்ளச் சொல்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வெல்லத்துக்காக ஒரு காலை இழக்க வேண்டாம்."

பாலையா காலை வைத்தார். வைத்ததும் வாயும் திறந்தது.

"பன்னிங்கோ தான் மேடம். காட்டுப்பன்னி. மலையிலேர்ந்து எறங்கும்."

"பன்னி வந்துச்சா? எப்போ?"

"நீங்க பொதைச்ச மூணா நாளு. காத்தால பாத்தா நாலு குழி. நல்லா மூடிட்டு, பலக போட்டு இழுத்து மட்டம் பண்ணி உட்டேன். அடுத்தாப்புல ஒரு சின்ன மழ வேற வந்துச்சா, கண்ணாடி மாதிரி ஆயிட்சி." குரலில் பெருமை தொனித்தது.

"எங்ககிட்ட சொல்லலையே!"

பாலையா தலைப்பாகையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். "சொல்லச் சொல்லி இதுல இல்லியே மேடம். மட்டமா இருக்கணும்னு தான கீது."

அவர் சொன்னது சரி. மனோரமா தன் கையெழுத்தை ஒன்றிலிருந்து மூன்று வரை படித்தாள். நாலாவது வரி இல்லை.

"அப்போ கண்டக்டரம்மா ஊதாதது சரி!" என்று சுரேஷ்பாபு கத்தினான். "சீட்டு காலி! ஆளே இல்ல! எப்படி ஊதுவா?"

"டப்பா கிடைத்தால்தான் அதைச் சொல்லலாம்," என்றார் டொமிங்கோஸ். "நாலும் கிடைக்காமல் யாரும் சாப்பிடப் போவதில்லை."

அதற்கப்புறம் நடந்ததை ஆராய்ச்சி என்று எழுதுவது கஷ்டம். சுரேஷ்பாபு கருவியோடு முன்னால், டொமிங்கோஸ் பின்னால், அவருக்குப் பின்னால் பேராசிரியர், மனோரமா, பாலையா, நாகபூஷணம் என்று ஒரு வரிசை கயிற்றைத் தாண்டி மலைப் பக்கம் கிளம்பியது. வேலிகாத்தான் புதரடியில் குட்டி விசில்: பதினொன்றாம் எண் டப்பா, பல் பதிந்து இரண்டாகப் பிளந்திருந்தது. ஸ்பிரிங் மட்டும் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வறண்ட கால்வாய்க்குள் இன்னொரு விசில்: பன்னிரண்டு. அதற்குள் ஊர் கூடிவிட்டது. ஒருத்தி களையெடுக்கும்போது தொலைந்த மெட்டியைத் தேடித் தரச் சொன்னாள். ஒருவர் டிராக்டர் போல்ட்டுக்கு மனுப் போட்டார். மூன்று போர்வெல் போட்டும் தண்ணீருக்குப் பதில் புகையாகவே வந்தது என்று ஒருவர் பேராசிரியரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி எங்க கீதுன்னு இது சொல்லுமா சார்?"

"சொல்லாதுங்க. இது கண்ணிவெடி மட்டும்தான்."

"கண்ணிவெடி எங்க ஊர்ல எதுக்கு சார்? தண்ணிக்கு விசில் அடிக்கற மாதிரி ஒண்ணு செய்யுங்கோ, கோயிலே கட்டறோம்."

பதினெட்டாவதின் ஸ்பிரிங்கை ஒரு சாணக் குவியலுக்குள் கண்டக்டரம்மா கண்டுபிடித்தாள். பன்றியுடையது, காய்ந்துவிட்டிருந்தது. சுரேஷ்பாபு இரண்டடி பின்வாங்கினான்.

"நா தொட மாட்டேன். அமெரிக்கா போறவன்."

டொமிங்கோஸ் ஒரு குச்சியால் ஸ்பிரிங்கை எடுத்து வெயிலில் உயர்த்திப் பிடித்தார். இருபத்தைந்து வருஷ ஆராய்ச்சி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேராசிரியர் வேதாச்சலம் கைதட்டினார்.

மிச்சம் ஏழாம் எண். ஒரு மணி நேரம் தேடியும் இல்லை. பாலையாவின் மனைவி வெங்கடம்மா மோர்க் குடத்தோடு வந்தாள். எல்லோரும் வழிவிட்டார்கள். சுரேஷ்பாபுவும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினான். வெங்கடம்மா அவனைக் கடந்தபோது கண்டக்டரம்மா கூர்மையாக ஒரு குட்டி விசில் அடித்தாள்.

வெங்கடம்மா நின்றாள். மோரை இறக்கினாள். இடுப்பில் கைவைத்தாள்.

"இன்னாடா? என்னப் பாத்தா விசில் அடிக்கிற?"

"நா இல்லம்மா! சத்தியமா நா இல்ல! இதுதான்!"

"இது அடிக்குதாம்! எத்தினி வயசுடா உனுக்கு? ஒங்கம்மா வயசு எனுக்கு!"

"அம்மா, ஒங்க இடுப்புல..."

"இடுப்பப் பத்தி வேற பேசறியா!"

சுரேஷ்பாபு அழாத குறையாக மனோரமாவைப் பார்த்தான். மனோரமா சிரிப்பை விழுங்கிக்கொண்டு முன்னால் போய், "இடுப்புல இன்னா செருகிக்கினு கீறீங்கோ, பெரிம்மா?" என்றாள்.

வெங்கடம்மா புடவைச் செருகலிலிருந்து ஒரு நீல டப்பாவை எடுத்தாள். மேலே ஏழு என்று மனோரமாவின் கையெழுத்து. உள்ளே வெற்றிலை, பாக்கு. மூலையில் ஒரு ஸ்பிரிங்.

"இத சொரண்டி சொரண்டிப் பாத்தேன், வரல."

"உள்ள இருந்த வெல்லம்?"

"பன்னி நோண்டிப் போட்டுட்டு போச்சி. மூடி தொறக்கல, உள்ள சுத்தமா இருந்துச்சி. பொங்கல் வெச்சித் துன்னுட்டோம். நல்ல வெல்லம்."

மனோரமா பாலையாவைப் பார்த்தாள். பாலையா மலையைப் பார்த்தார்.

"மண்ணுல கெடச்சத எல்லாமா துன்னுவீங்கோ?" என்றார் நாகபூஷணம்.

"மண்ணுல எவனாச்சும் வெல்லத்தப் பொதைப்பானா?" என்றாள் வெங்கடம்மா.

சாப்பாட்டுக்குப் பின் டொமிங்கோஸ் மதிப்பெண் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். எல்லோருடைய சிரிப்பும் அங்கேயே நின்றது.

"இந்தச் சோதனை செல்லாது. கருவி தோற்கவில்லை, ஜெயிக்கவுமில்லை. நாளைக்கு மறுபடி. மெழுகு மட்டும். நான் புதைப்பேன்." பேனாவை மனோரமாவின் பக்கம் நீட்டினார். "நாளைக்கு இடம் இவளுக்குத் தெரியாது. அதனால் இவளே பிடிக்கட்டும்."

மெழுகுவர்த்திக்காரர் நல்ல வேளையாகக் கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்தார். திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் மெழுகுக் கட்டியை மடியில் வைத்து வந்த சுரேஷ்பாபுவின் பேண்ட்டோடு அது பாதி ஒட்டிப்போனது. மிச்சம் போதுமானதாக இருந்தது. டொமிங்கோஸ் எல்லோரையும் துரத்திவிட்டுப் பாலையாவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு புதைத்தார். மண் இறுகப் பத்து நாள் இல்லாததால், பிறகு பாலையா வயல் முழுவதையும் பலகை போட்டு இழுத்து இறுக்கினார். எது புது மண், எது பழைய மண் என்று எறும்புக்குக்கூடத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் மனோரமா கண்டக்டரம்மாவைக் கையில் எடுத்தாள். நாலு வருஷமாகப் பிரித்து, பற்றவைத்து, மறுபடி பிரித்த கருவி. அதை ஒரு சோதனையில் அவள் பிடிப்பது இதுதான் முதல் தடவை. "இருபது," என்று டொமிங்கோஸ் இருபத்தைந்து கொடிகள் உள்ள கட்டைக் கொடுத்தார். "தவறான கொடிக்கு ஐந்து மன்னிப்பு. அதே விதி. நேரம் மத்தியானம் வரை."

அவள் சுரேஷ்பாபுவைவிட மெதுவாகப் போனாள். ஒவ்வொரு கட்டமும் இடமிருந்து வலம், வலமிருந்து இடம். நீள விசில் வந்தபோதெல்லாம் நின்று, திரும்பத் துழாவி, கொடி நட்டாள். பத்து வந்தது. பதினைந்து வந்தது. பதினெட்டாவது கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில். பத்தொன்பதாவது கடைசி வரிசையின் நடுவில். பிறகு வயல் முடிந்துவிட்டது.

இருபதாவது இல்லை.

முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். முழு வயலையும் துழாவினாள். கொடிகளின் மேல் நீள விசில் வந்தது, வேறெங்கும் வரவில்லை. மூன்றாவது தடவையும் போனாள். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கயிற்றுக்கு வெளியே சுரேஷ்பாபு இருமினான். அந்த இருமலுக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். கையில் ஆறு கொடி இருக்கிறது. சந்தேகமான ஆறு இடத்தில் நட்டு வை. ஐந்து தப்பானாலும் மன்னிப்பு, ஒன்று சரியாக விழுந்தால் போதும். வடகிழக்கு மூலையில் மண் கொஞ்சம் வேறு நிறமாக இருந்தது. அங்கே நடலாம். கால்வாய்ப் பக்கம் ஒரு கூழாங்கல் புரண்டு கிடந்தது. அங்கேயும் நடலாம்.

"பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது," என்றார் டொமிங்கோஸ். "மிச்சக் கொடியை நடலாம்."

மனோரமா வடகிழக்கு மூலைக்குப் போனாள். வட்டத்தை அந்த நிறம் மாறிய மண்ணின் மேல் பிடித்தாள். எதுவும் கேட்கவில்லை. கொடியை மண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கருவி இல்லாமல் அவள் கணிப்பு மட்டும் இருந்திருந்தால் நட்டிருப்பாள். தன் கண்ணையும் தன் கணக்கையும் தன் டிக்கையும் நம்பாதவளுக்கு இன்னொரு கொடி பெரிய விஷயமில்லை.

நிமிர்ந்து ஆறு கொடிகளையும் கட்டினாள்.

"பத்தொன்பது, சார். இருபதாவது இல்லை."

"நான் இருபது என்று சொன்னேன்."

"சொன்னீர்கள்."

"நீ உறுதியாக இருக்கிறாயா?"

"நான் உறுதியாக இல்லை, சார்." கருவியைக் காட்டினாள். "இது உறுதியாக இருக்கிறது."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். பாலையா தலைப்பாகையை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார். அவர் முகம் சிவந்து, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்றுதான் மனோரமா நினைத்தாள்.

டொமிங்கோஸ் தன் தோள்பையைத் திறந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்தார். முழுசாக மெழுகு அடைத்தது. அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"சண்டை போட்டவர்கள் கொடுக்கும் கணக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும்," என்றார். "இருபது என்பார்கள். பத்தொன்பது இருக்கும், இல்லாவிட்டால் முப்பது இருக்கும். கணக்கைச் சரிக்கட்டக் கொடி நடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நேற்று தோண்டும் முன்னாலேயே தப்பைச் சொன்ன பெண் இன்று என்ன செய்கிறாள் என்று பார்க்க ஆசைப்பட்டேன்." பேராசிரியர் பக்கம் திரும்பினார். "செப்டம்பரில் வன்னி. கருவியும் இவளும்."

பாலையாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "எனுக்கு நேத்தே தெரியும்! நேத்தே தெரியும்! வயிறு வெடிக்கப் பாத்துச்சி!" என்று வரப்பில் உட்கார்ந்து தொடையைத் தட்டினார்.

மனோரமா டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். மெழுகுதான். அப்புறம் சிரிப்பு வந்தது, வந்தது நிற்கவில்லை. டொமிங்கோஸ் கொடிகளையும் டப்பாக்களையும் எடுக்கச் சொன்னார். பத்தொன்பதும் வெளியே வந்து வரிசையாக அடுக்கப்பட்டதும், குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தார்.

"எங்கள் நாட்டில் ஒரு வழக்கம். நிலத்தைச் சுத்தம் செய்தவர்கள்தான் அதில் முதலில் ஓட வேண்டும். சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் நம்பிக் கால் வைக்கமாட்டார்கள்."

"ஓடணுமா?" என்றாள் மனோரமா.

"வெறுங்காலோடு."

அவள் செருப்பை உதறினாள். கயிற்றைத் தாண்டினாள். முதல் அடி வைக்கும்போது பழக்க தோஷத்தில் மண்ணைப் பார்த்தாள். இரண்டாவது அடியில் பார்க்கவில்லை. ஓடினாள். சுரேஷ்பாபு மெழுகு ஒட்டிய பேண்ட்டோடு பின்னால் வந்தான். பேராசிரியர் ஷூவைக் கழற்ற நேரமில்லாமல் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக வந்தார். வெங்கடம்மா சிரித்த சிரிப்பில் மோர்க் குடம் சரிந்தது. வடகிழக்கு மூலையில், நிறம் மாறிக் கிடந்த அந்த மண்ணின் மேல், மனோரமா இரண்டு காலாலும் எம்பிக் குதித்தாள். மறுபடியும் குதித்தாள்.